தரையோடு படரும் ஜூனிப்பர்: ஒன்ராறியோ முன்வளவுக்கான கேள்வி பதில்

புல் வெட்டும் மெஷின் ஏறாத சரிவு, வெயில் கொளுத்தும் தெருவோர மூலை, எதை நட்டாலும் காய்ந்துபோகும் மதிலோரம். இப்படி ஒரு இடத்தைச் சொன்னால் நேர்சரிக்காரர் முதலில் கைகாட்டுவது தரையோடு படரும் ஜூனிப்பரைத்தான். தாவரவியல் பெயர் ஜூனிபெரஸ் ஹொரிஸொன்ராலிஸ். கீழே உள்ள அளவுகளும் காலங்களும் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்துக் களிமண்ணையும் குளிரையும் வைத்துச் சொன்னவை.

இந்தக் குளிரை இது தாங்குமா?

தாராளமாக. இது இந்த மண்ணின் செடி. அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை காட்டில் தானாக வளர்கிறது. ஒன்ராறியோவில் புரூஸ் தீபகற்பத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் பேரேரிக் கரைகளின் மணலிலும் பார்க்கலாம். குளிர் வலயம் 3 வரை, அதாவது சுமார் மைனஸ் 40 பாகை வரை தாங்கும். ரொறன்ரோ வட்டாரம் அதைவிட எவ்வளவோ மிதமானது. இங்கே இந்தச் செடி செத்துப்போனால் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. பெரும்பாலும் வேரில் நின்ற தண்ணீர், மேலே விழுந்த நிழல், நடுவில் புகுந்த புல் என்ற மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

எந்த ரகத்தை வாங்குவது?

கடைகளில் அதிகம் கிடைப்பது ‘வில்ரோனி’. ‘புளூ றக்’ என்ற பெயரில் விற்பார்கள். 1914இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் கண்டெடுத்த ரகம். உயரம் 4 முதல் 6 அங்குலம், அகலம் 6 முதல் 8 அடி. வெள்ளி கலந்த நீலம். உண்மையிலேயே தரையோடு ஒட்டிக் கிடப்பது வேண்டுமென்றால் இதை வாங்குங்கள்.

‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்’ அல்பேர்ட்டாவின் ஹை றிவர் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டு, மனிற்றோபாவின் மோர்டன் ஆய்வு நிலையத்தால் 1967இல் வெளியிடப்பட்டது. நல்ல பச்சை, குளிர்காலத்தில் நுனி ஊதா பாயும். ‘பார் ஹார்பர்’ கடற்கரையிலிருந்து வந்தது, உயரம் ஓர் அடிக்குள் நிற்கும். ‘அண்டோறா’ ஒன்றரை அடி வரை எழும்பும். பனிக்காலத்தில் முழுச் செடியும் நாவற்பழ நிறமாகும். அந்த நிறம் பிடிக்காதவர்கள் இதை வாங்கிவிட்டு ஜனவரியில் பயப்பட வேண்டாம். ‘மதர் லோட்’ வில்ரோனியில் தோன்றிய தங்க நிற ரகம். அழகுதான், ஆனால் மெதுவாகப் பரவும். பெரிய பரப்பை மூட அதை நம்ப வேண்டாம்.

லேபிளில் உள்ள அகலம் பெரும்பாலும் பத்து வருட வளர்ச்சியைக் கணக்கிட்டுப் போட்டது. செடி அதோடு நிற்காது.

எங்கள் வீட்டு முன்பக்கம் வடக்குப் பார்த்தது. வைக்கலாமா?

கோடையில் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் வேண்டாம். நிழலில் உடனே சாகாது. கிளைகள் நீண்டு, இலை ஐதாகி, நடுவில் மண் தெரியத் தொடங்கும். அந்த இடைவெளியில் களை வரும். பிறகு நீங்கள் நட்டது எது, களை எது என்று பிரிப்பதே வேலையாகிவிடும்.

அரைநிழலுக்குச் சைபீரிய சைப்ரஸ் எனப்படும் மைக்ரோபயோற்றா டெகுசாற்றா பொருத்தம். 1921இல் விளாடிவொஸ்ரொக்கிற்குப் பக்கத்து மலைகளில் தாவரவியலாளர் கண்ணில் பட்டது. இறகுபோன்ற மெல்லிய இலை, ஓர் அடிக்குச் சற்று மேல் உயரம், 6 முதல் 10 அடி அகலம். குளிரில் செம்பழுப்பாகும், ஏப்ரல் கடைசியில் பச்சை திரும்பும். தண்ணீர் தேங்கும் மண்ணை இதுவும் பொறுக்காது. மேப்பிள் மரத்துக்கு நேர் கீழே உள்ள இருட்டுக்கு இரண்டுமே சரிவராது.

எத்தனை செடி தேவை?

புளூ றக்கை 4 அடி இடைவெளியில், ஒன்றுவிட்டு ஒன்றாக முக்கோண வரிசையில் நடுங்கள். 10 அடிக்கு 12 அடிப் பாத்திக்கு 9 செடி போதும். ஆண்டுக்குச் சுமார் ஒரு சாண் வளரும் என்று வைத்தால் நான்கு வருடத்தில் தரை மூடும். 3 அடி இடைவெளியில் நட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் மூடிவிடும், ஆனால் செடி எண்ணிக்கை 15க்கு மேல் போகும். பத்து வருடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் காற்றோட்டமும் இல்லாமல் போகும்.

ஓரக் கணக்கு இதைவிட முக்கியம். றைவ்வே, நடைபாதை, பக்கத்து வீட்டு எல்லை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 அடி உள்ளே தள்ளி நடுங்கள். சின்னச் செடியை வைக்கும்போது அந்த 3 அடி வெறுமையாகத் தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஓரத்தில் கொண்டுபோய் வைப்பவர்கள்தான் ஆறாம் வருடத்தில் பாதிச் செடியை வெட்ட வேண்டி வரும்.

எந்த மாதத்தில் நடலாம்?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு பருவம். ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்ரெம்பர் முடிய இன்னொன்று. இரண்டாவதே மேல்: மண் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும். ஒக்ரோபர் நடுவுக்குப் பிறகு கடைகளில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது நட்டால் மண் உறைவதற்குள் வேர் சட்டி மண்ணைத் தாண்டி வெளியே வராது. குளிர்காலக் காற்றில் இலை காயும், மண் உறைந்து இளகும்போது செடி மேலே தள்ளப்படும்.

ஒன்ராறியோவில் வீட்டு வளவில் குழி தோண்டுவதற்கும் முன்கூட்டியே ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவிக்க வேண்டும். இலவசம். குறைந்தது 5 வேலை நாட்கள் முன்னதாகச் சொல்லுங்கள். முன்வளவில்தான் எரிவாயுக் குழாயும் கேபிளும் ஓடும்.

எங்கள் வளவு முழுக்கக் களிமண். எப்படி நடுவது?

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியதில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நடலாம். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழி வெட்டாதீர்கள். மேல்மண் கொண்டுவந்து 8 முதல் 12 அங்குலம் மேடாக்கி, அதில் நடுங்கள்.

குழியின் ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அகலம் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். மண்வெட்டி வழுக்கிய இடத்தில் களிமண் சுவர் மெழுகியதுபோல் மினுங்கும். வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே வட்டமடிக்கும். சிறிய கை முள்மண்வெட்டியால் அந்தச் சுவரைக் கீறிவிடுங்கள்.

சாடியிலிருந்து செடியை எடுத்தால் பெரும்பாலும் வேர் வெள்ளைக் கயிறுபோல் சுற்றியிருக்கும். கத்தியால் நான்கு பக்கமும் மேலிருந்து கீழ்வரை அரை அங்குல ஆழத்தில் கீறி, அடிப்பகுதியைக் கையால் விரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நட்ட செடியை மூன்று வருடம் கழித்துப் பிடுங்கினால் சாடியின் வடிவத்திலேயே வரும்.

வேர்ப்பந்தின் மேற்புறம் சுற்றியுள்ள தரையைவிட ஒன்று முதல் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். தோண்டிய அதே மண்ணை உடைத்து நிரப்புங்கள். கம்போஸ்ட் போட ஆசையிருந்தால் பாத்தி முழுவதும் பரப்பிக் கொத்துங்கள், குழிக்குள் மட்டும் போடாதீர்கள். களிமண்ணில் மணலைக் கலப்பதும் வேண்டாம், கொஞ்ச மணல் சேர்த்தால் மண் இன்னும் இறுகும். குழியின் அடியில் சரளைக் கல் போட்டால் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. களிமண்ணுக்குள் வெட்டிய குழியிலிருந்து தண்ணீர் வெளியேற வழி கிடையாது, கல்லுக்குள் நிற்கும், அதன் மேல் வேர் ஊறும்.

சரிவான இடமென்றால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சிறு படி வெட்டி, கீழ்ப்பக்கம் மண்ணை அரைவட்டமாக அணைத்துவிடுங்கள். வேர் பிடிக்கும் வரை மழை மண்ணை அரிக்காமலிருக்கச் சணல் வலையை விரித்து, செடி வரும் இடத்தில் மட்டும் பெருக்கல் குறிபோல வெட்டினால் போதும். அது தானாக உக்கிவிடும்.

களை வராமல் கறுப்புத் துணி விரிக்கலாமா?

வேண்டாம். இந்த ஜூனிப்பர் கிளை தரையைத் தொடும் இடங்களில் வேர்விட்டு இறுகப் பிடிப்பது. துணி அதைத் தடுக்கும். இரண்டு வருடத்தில் துணியின் மேல் தூசியும் சருகும் சேர்ந்து அதிலேயே புல் முளைக்கும். அப்போது வேர் துணியோடு பின்னியிருக்கும், இழுத்தால் இரண்டும் கிழியும். மரப்பட்டை மல்ச் 2 அங்குலம் போடுங்கள். செடியின் அடித்தண்டிலிருந்து 3 அங்குலம் தள்ளியே இருக்கட்டும்.

தண்ணீர் எவ்வளவு?

நட்ட முதல் மாதம் வாரம் இரண்டு முறை, ஒரு காலன் சாடிச் செடிக்கு 4 முதல் 5 லீற்றர். பிறகு மண் உறையும் வரை வாரம் ஒரு முறை. நல்ல மழை பெய்த வாரம் விட்டுவிடலாம். நாட்காட்டியை நம்பாமல் வேர்ப்பந்துக்குள் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். சாடியில் வந்த கலவை சுற்றியுள்ள களிமண்ணைவிட வேகமாகக் காயும். வெளிமண் ஈரமாக இருக்கும்போதே உள்ளே வேர் வறண்டிருக்கும். இந்த முதல் கோடையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டாம் வருடம் இரண்டு, மூன்று வாரம் மழையே இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். அதன் பிறகு மறந்துவிடலாம். புற்றரைக்கு ஓடும் தானியங்கிக் குழாய் இந்தப் பாத்தியையும் தினமும் நனைத்தால் வேரழுகலுக்கும் நுனிக்கருகலுக்கும் நீங்களே வழி செய்கிறீர்கள்.

உரம்?

முதல் வருடம் தேவையில்லை. பிறகும் வசந்தத்தில் ஒரு கைப்பிடி கம்போஸ்ட் தூவினால் மிச்சம். புல்லுக்குப் போடும் நைதரசன் உரம் இதில் விழுந்தால் மெல்லிய இளந்தளிர் அதிகம் வரும். பூஞ்சணம் பிடிப்பது அந்தத் தளிரைத்தான்.

களையை எப்படிச் சமாளிப்பது?

நடுவதற்கு முன் செய்யும் வேலைதான் பாதி. ‘குவாக் கிராஸ்’ என்ற கிழங்குவேர்ப் புல், ‘திஸில்’ என்ற ஊதாப்பூ முட்செடி, பைண்ட்வீட் கொடி ஆகிய மூன்றில் ஒன்று பாத்தியில் இருந்தால் அதை ஒழிக்காமல் நடாதீர்கள். கிளைகளுக்கு நடுவிலிருந்து அவற்றை வேரோடு எடுக்கவே முடியாது. பயன்பாட்டிலுள்ள களைக்கொல்லிகளில் பெரும்பாலானவை 2009 ஏப்ரலிலிருந்து ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்குத் தடை. அதனால் கைவேலைதான். முள்மண்வெட்டியால் கிளறி வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஆறு வாரம் காத்திருந்து, மறுபடி முளைப்பதை மறுபடி எடுங்கள். அவசரமில்லை என்றால் ஒரு கோடை முழுவதும் அட்டைப்பெட்டி விரித்து, மேலே 4 அங்குலம் மரச்சீவல் கொட்டி மூடிவைப்பது இன்னும் நல்லது.

நட்டபின் முதல் மூன்று வருடம் மே, ஜூன், செப்ரெம்பர் மாதங்களில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மேப்பிள் கன்றுகள்தான் கூடுதலாக வரும். இரண்டு இலைப் பருவத்தில் விரலால் இழுத்தால் வந்துவிடும். அடுத்த வருடம் அதற்கே அலவாங்கு வேண்டும். ‘டொக் ஸ்ராங்ளிங் வைன்’ என்ற ஆக்கிரமிப்புக் கொடி வந்தால் காய் வெடிப்பதற்கு முன் வேரோடு எடுத்து, கம்போஸ்டில் போடாமல் குப்பைக்கு அனுப்புங்கள். நீளக் கையும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஜூனிப்பர் இலை உரசினால் பலருக்கு முழங்கை வரை சிவந்து அரிக்கும்.

குளிர்காலத்தில் ஊதாவாகிவிட்டது. செத்துவிட்டதா?

இல்லை. ஊதா, செம்பழுப்பு நிறம் முழுச் செடியிலும் சீராக இருந்தால் அது இயல்பு. ஒரு நுனியை வளைத்துப் பாருங்கள். உயிருள்ளது வளையும், செத்தது படக்கென்று ஒடியும். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும்.

நுனிகள் பழுப்பாகின்றன. என்ன நோய்?

எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், பழைய வளர்ச்சியா புதியதா என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மார்ச் மாதத்தில் காற்று அடிக்கும் பக்கமோ வீதிப் பக்கமோ மட்டும் வெளிறிப் பழுப்பானால் குளிர்காற்றுக் கருகல் அல்லது உப்பு. றைவ்வேயிலிருந்து அள்ளிய உப்புப் பனியை இதன் மேல் குவிக்காதீர்கள். உப்பும் கெடுக்கும், பாரத்தில் கிளையும் பிளக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் மண் இளகியதும் அந்த ஓரத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஜூன் வரை எதையும் வெட்ட வேண்டாம், பாதி தானாகத் தளிர்க்கும்.

பெப்ரவரி தொடக்கம் மே வரை, போன வருட வளர்ச்சியின் நுனிகள் 2 முதல் 6 அங்குலத்துக்குக் காய்ந்து, கோடையில் மேலும் பரவாமல் நின்றால் கபற்றினா என்ற பூஞ்சண நோய். உலர்ந்த நாளில் வெட்டி எடுத்தால் போதும்.

மே கடைசியில் வந்த இளந்தளிர் மஞ்சளாகிப் பழுப்பாகி, மழைக்கால ஈரத்தில் பரவிக்கொண்டே போனால் ஃபொமொப்சிஸ் என்ற இன்னொரு பூஞ்சண நோய். செத்த நுனியும் உயிருள்ள தண்டும் சேரும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள்: சாம்பல் நிற வளையமும் அதில் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். செத்த பகுதிக்கு இரண்டு அங்குலம் கீழே, இலை காய்ந்திருக்கும் வேளையில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 வீத அற்ககோலில் துடையுங்கள். மாலையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

இலை முழுவதும் தூசி படிந்ததுபோல் மங்கி, சாம்பல் பழுப்பானால் சிலந்திப் பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடந்தால், விரலால் தேய்க்கும்போது கறை படிந்தால் அதுதான். ஊசியிலை மரங்களைத் தாக்கும் இந்த இனம் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான் பெருகும். குழாயால் பலமாகப் பீய்ச்சி அடிப்பது நன்றாக வேலை செய்யும், ஐந்து நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை. நிற்காவிட்டால் பூச்சிக்கொல்லிச் சோப்பு. தோட்ட எண்ணெய் அடித்தால் புளூ றக்கின் நீலப் பூச்சு அந்த வருடத்துக்குப் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு அடியுங்கள்.

பனி உருகியதும் ஒரு முழுக் கிளை மட்டும் செத்திருந்தால் அடியைப் பாருங்கள். பட்டை சுற்றிவரக் கடிபட்டிருந்தால் வோல் எலி. மல்ச்சை மெலிதாக்கி, ஓரத்துப் புல்லை ஒக்ரோபரில் ஒட்ட வெட்டுங்கள். நடுவில் வட்டமாகக் கருகினால் நாய். முழுச் செடியும் ஒரே நேரத்தில் மங்கி, வேர் கறுத்து, தோல் உரிந்து வந்தால் வேரழுகல். அதற்கு மருந்தில்லை, வடிகாலைச் சரிசெய்யாமல் அங்கே மறுபடி நடாதீர்கள்.

பேரிக்காய் மரத்துக்கு ஜூனிப்பர் ஆகாது என்கிறார்களே?

பேரி இலையில் செம்மஞ்சள் புள்ளி போடும் துரு நோய் ஒரு பருவத்தை ஜூனிப்பரில் கழிப்பது உண்மை. அது பெரிதும் சபீனா, சீன ஜூனிப்பர் வகைகளையே பற்றும். பேரி வைத்திருப்பவர் அந்த இரண்டையும் தவிர்த்தால் நல்லது. மே மாத மழையில் கிளைவீக்கத்திலிருந்து செம்மஞ்சள் கூழ் கசிந்தால் அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடுங்கள்.

றைவ்வேக்குள் வந்துவிட்டது. எப்படி வெட்டுவது?

வேலி வெட்டும் மெஷினால் நேர்கோடாக வெட்டினால் முடிந்தது கதை. வெளியே ஓர் அடி மட்டுமே பச்சை, உள்ளே வெறும் கட்டை. இலையில்லாத பழைய கட்டையிலிருந்து ஜூனிப்பர் மறுபடி தளிர்க்காது. ஒவ்வொரு நீண்ட கிளையாகத் தூக்கி, மேலே உள்ள குட்டைக் கிளை அந்த வெட்டை மறைக்கும் இடம் பார்த்து, உள்ளே கையைவிட்டு வெட்டுங்கள். ஏப்ரலில், தளிர் வருமுன் செய்யுங்கள். ஒரு வருடத்தில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கன்று எடுக்கலாமா?

பதியம் சுலபம். மே மாதத்தில் பென்சில் பருமனுக்குக் குறைந்த ஒரு கிளையின் அடிப்பக்கத்தில் ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையைச் சுரண்டி, மண்ணில் 2 அங்குலம் புதைத்து, வளைத்த கம்பியால் குத்திவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் தாய்க்கிளையை வெட்டி, ஒரு மாதம் கழித்துப் பெயர்க்கலாம். வெட்டுத்துண்டு வைப்பதானால் டிசெம்பரிலிருந்து பெப்ரவரிக்குள், பழைய கட்டையின் சிறு தோலோடு பிய்த்த 5 அங்குலத் துண்டு, 0.8 வீத வேர்த்தூள், பீற்றும் பெர்லைற்றும் சரிபாதி, அடிச்சூடு 20 பாகை. இரண்டு, மூன்று மாதம் ஆகும். எல்லாம் பிடிக்காது, கூடுதலாகவே வையுங்கள்.

காயைக் கசாயத்தில் போடலாமா?

வேண்டாம். சமையலுக்கும் ஜின்னுக்கும் போவது ஜூனிபெரஸ் கொம்யூனிஸ் என்ற வேறு இனத்தின் காய். தோட்டத்தில் வைக்கும் சபீனா ஜூனிப்பர் நஞ்சு, சின்னச் செடியாக இருக்கும்போது இவையெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வீட்டுச் சுவரோரம் வைக்கலாமா?

சுவரிலிருந்து 5 அடிக்குள் வேண்டாம். இலையில் பிசின் எண்ணெய் உண்டு, அடியில் காய்ந்த சருகு சேரும், ஒரு சிகரெட் துண்டு போதும். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 10 மீற்றருக்குள் ஜூனிப்பரே வேண்டாம் என்பது ஃபயர்ஸ்மார்ட் கனடாவின் அறிவுரை.

ஊரில் அம்மா வீட்டுக்கு ஒன்று கொண்டுபோகலாமா?

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிழைக்காது. குளிர்கால ஓய்வு கிடைக்காது, மாரி மழையில் வேர் அழுகும். செடியை விமானத்தில் கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

இருபது வருடப் பழைய ஜூனிப்பர் நடுவில் வெறிச்சோடிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

வெறுமை ஒரு கை அகலம் என்றால் பக்கத்துக் கிளையை இழுத்து அதன்மேல் கிடத்தி, கம்பியால் குத்தி, கொஞ்சம் மண் போடுங்கள். இரண்டு வருடத்தில் மூடும். மூன்றடிக்கு மேல் என்றால் எடுத்துவிடுங்கள். ஓரத்துக் கிளைகளை முதலில் வெட்டி அகற்றினால் அடிக்கட்டை தெரியும். அதைச் சுற்றி ஓர் அடி தள்ளி மண்வெட்டியால் வேரை வெட்டி, அலவாங்கால் நெம்புங்கள். கிளைகள் வேர்விட்ட இடங்கள் தனித்தனிச் செடிகள்போல் பிடித்திருக்கும், அவற்றில் நல்ல பச்சையாக உள்ள இரண்டு மூன்றை மண்ணோடு பெயர்த்தால் புதிய பாத்திக்குக் காசு மிச்சம்.